சம்பந்தி வீட்டு மாப்பிள்ளை

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குப் பெயருக்கா பஞ்சம்? வானொலி அவர்களை வெறியர்கள் என்றது. பத்திரிகை இன்னும் ஒரு படி மேலே போய் மனித ஜாதியிலிருந்தே தள்ளி வைத்தது. மேலிடத்து உத்தரவுகளில் வெறுமனே 'எதிரி'. இந்தக் கரையில், பழைய பம்ப் ஹவுஸில் காவலுக்குக் கிடந்த பத்துப் பன்னிரண்டு பேருக்கு இதில் ஒன்றும் வாயில் ஒட்டவில்லை. அவர்கள் வைத்த பெயர் சம்பந்தி.

வந்த புதிதில் இரண்டு கரையும் மாற்றி மாற்றிக் கத்திக்கொண்டிருந்தன. துப்பாக்கி ஓய்ந்தாலும் வாய் ஓயாது. ஒருத்தர் பாஷை இன்னொருத்தருக்குப் பாதிதான் புரியும்; புரிந்த பாதியே காதைப் பொத்திக்கொள்ள வைக்கும். ஒருநாள் அதைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்த சமையல்காரர், "என்னப்பா இது, பந்தியில சோறு பத்தலேன்னு சம்பந்தி சண்டை போட்டுக்கிற மாதிரி இருக்கு?" என்றார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் அங்கிருந்து குண்டு வந்து விழுந்தால் 'சீர் வந்தாச்சு'. இங்கிருந்து சுட்டால் 'மொய் வெச்சாச்சு'. சாவும் ரத்தமுமாய்க் கிடக்கிற இடத்தில் இது என்ன கேலி என்று கேட்பீர்கள். ஆள் செத்த அன்றைக்கு யாரும் கேலி பேசவில்லை. மற்ற நாட்களிலும் பேசாமல் இருந்திருந்தால் பைத்தியம்தான் பிடித்திருக்கும்.

மொத்தக் கூட்டத்துக்கும் பெயர் வைத்தது சமையல்காரர் என்றால், ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பெயர் வைத்தது கண்டக்டர். யுத்தத்துக்கு முன்னால் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், அதனால் அந்தப் பெயர். நெரிசலில் டிக்கெட் எடுக்காமல் நழுவுகிறவனை முகத்தை வைத்துப் பிடிக்க முடியாது. முதுகு, நடை, கையிலிருக்கும் பை, இவற்றை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். ஏறுகிற ஒவ்வொருத்தருக்கும் மனசுக்குள் ஒரு பெயர் ஒட்டிவிடுவார்: தூக்குவாளி, தூங்குமூஞ்சி, சில்லறை-இல்லை. ஒட்டிவிட்டால் அப்புறம் மறக்காது. இந்தக் கண்ணுக்காகத்தான் அவரை மாடி அறையில், மணல்மூட்டை அடுக்கிய ஜன்னலுக்குப் பின்னால், பைனாகுலரைக் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

எதிர்க்கரையில் ஒரு செங்கல் சூளை. அதன் இடிந்த சுவருக்குப் பின்னால் நடமாடுகிறவர்கள் எல்லாரும் சீக்கிரமே கண்டக்டர் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். தொப்பையோடு வந்து எல்லாரையும் விரட்டுகிறவர் பெரிய சம்பந்தி. நாள் முழுக்க இந்தப் பக்கம் எட்டி எட்டிப் பார்ப்பவன் நாத்தனார். சூளைக்கும் பின்னாலிருந்த கொட்டகைக்கும் ஓடிக்கொண்டே இருந்தவன் தரகர். அப்புறம் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை தினமும் வெயில் ஏறுகிற நேரத்துக்கு வருவார். சுவரின் உடைந்த விளிம்பில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைப்பார். நுரை பூசுவார். உலகத்தில் ஒரு யுத்தமும் நடக்காத மாதிரி நிதானமாகச் சவரம் செய்வார். இடது கன்னம் ஆனதும் முகத்தைத் திருப்பி ஒரு பார்வை, வலது கன்னம் ஆனதும் ஒரு பார்வை. கடைசியில் தலையைச் சீவி, தொப்பியைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டு, இரண்டு தகரக் கேன்களோடு தண்ணீருக்கு இறங்குவார். அந்த நேரத்தில் இந்தக் கரையிலிருந்து சமையல்காரரும் குடத்தோடு இறங்குவார். தண்ணீர் மொள்ளும்போது யாரும் யாரையும் சுடுவதில்லை. இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. குடிக்கத் தண்ணீர் இரண்டு பேருக்கும்தானே வேண்டும், அதனால் தானாக அமைந்தது.

"யாருக்குடா இவ்வளவு அலங்காரம்?" என்று முதல் நாள் சிரித்த கண்டக்டர், பக்கத்திலிருந்த கம்பிப் போனை எடுத்துச் சுற்றுப் பதுங்குகுழிகளில் இருப்பவர்களுக்கு அப்படியே வர்ணிக்க ஆரம்பித்தார். "மாப்பிள்ளை எழுந்தாச்சு. முகூர்த்தத்துக்கு லேட்டாகுதுன்னு பதட்டமே இல்ல. இடது கன்னம் முடிஞ்சுது. மீசையில கை வெச்சிருக்கார்... ஐயையோ, வெட்டிக்கிட்டார். இல்ல இல்ல, தப்பிச்சார். கேனைத் தூக்கியாச்சு. போலாம் ரைட்!" குழிகளில் கிடந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மறுநாள் காலை அவர்களே போன் செய்து, "கண்டக்டரண்ணே, மாப்பிள்ளை வந்தாச்சா?" என்று கேட்டார்கள். அப்புறம் அது தினசரி வழக்கமாகிவிட்டது. 'போலாம் ரைட்' என்ற குரல் காதில் விழாமல் அந்தக் கரையில் பொழுது விடிந்ததாகக் கணக்கில்லை.

மாப்பிள்ளையை 'அவன், இவன்' என்று யாரும் சொல்லக்கூடாது என்பதும் சட்டமாகிவிட்டது. சம்பந்தியைத் திட்டலாம். மாப்பிள்ளைக்கு மரியாதை குறையலாமா?

அந்த ஆறு கிழக்கிலிருந்து மேற்காக ஓடியது. சூரியன் ஆற்றின் தலைமாட்டில் எழும்பி இரண்டு கரைக்கும் பொதுவாக வெயில் கொடுக்கும். சவரம் முடிந்ததும் மாப்பிள்ளை சில நாள் கண்ணாடியை வெயிலில் திருப்புவார். தட்டு அளவு வெளிச்சம் ஒன்று ஆற்றைத் தாண்டி வந்து பம்ப் ஹவுஸ் சுவரில் ஊரும், கண்டக்டரின் ஜன்னல்வரை ஏறும், ஓடிப்போகும். "மாப்பிள்ளை டார்ச் அடிக்கிறார்" என்பார் கண்டக்டர் போனில். "நீங்களும் அடிங்கண்ணே" என்று யாராவது சொல்வார்கள். அவர் அடித்ததில்லை. முகம் கொடுத்தால் உறவு வந்துவிடும் என்று ஒரு பயம்.

உறவு எப்போதோ வந்துவிட்டது என்பது அந்த அப்பாவிக்குத் தெரியவில்லை. இன்னொன்றும் தெரியவில்லை. கம்பி போகிற வழியெல்லாம் காதும் போகும். பதுங்குகுழிப் போன்களுக்கு நடுவில் ஓர் இணைப்பகம், அங்கிருந்து தலைமையகத்துக்கு ஒரு கம்பி. இணைப்பகத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கும் பொழுது போகவேண்டாமா? தினமும் காலையில் அந்த இணைப்பைக் கொடுத்தான். தலைமையகத்தில் குமாஸ்தாக்கள், டிரைவர்கள், மருந்து கொடுப்பவர் எல்லாரும் போனைச் சுற்றிக் கூடினார்கள். ஒருநாள் அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் ஆபீசரும் வந்து நின்று, கடைசிவரை கேட்டுவிட்டுப் போனார்.

ஆபீசர் புதிதாக மாற்றலாகி வந்தவர், சிரித்த முகம். அன்று மத்தியானமே ஜீப்பில் பம்ப் ஹவுஸுக்கு வந்து இறங்கினார். "யாருப்பா அந்தக் கண்டக்டர்? கை குடுங்க முதல்ல!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். கண்டக்டருக்கு வாயெல்லாம் பல். பம்ப் ஹவுஸுக்குப் பொறுப்பாளராக இருந்தவரை எல்லாரும் பெரியண்ணன் என்பார்கள். அவருக்குக்கூட ஆபீசர் அப்படிக் கை கொடுத்ததில்லை.

"இந்த லைன்ல எத்தனையோ காவல் இருக்கு. எங்க கேட்டாலும் ஏதோ அசைஞ்சது, ஏதோ தெரிஞ்சதுன்னு சொல்றாங்க. நீங்க ஒருத்தர்தான் ஆளு யாரு, எப்ப வருவான், எங்க நிப்பான், எவ்வளவு நேரம் நிப்பான்னு புட்டுப் புட்டு வெக்கிறீங்க. இதுதான் வேலை. நாளைக்கு ஒருத்தர் வர்றார். பக்கத்துல உக்காத்தி வெச்சு அந்த மாப்பிள்ளையைக் காட்டுங்க."

"யார் சார் வர்றது?"

"தூரத்துல குறி வெச்சு அடிக்கிறவர்" என்றார் ஆபீசர்.

கண்டக்டரின் சிரிப்பு முகத்திலேயே நின்றது, எடுத்துவிடத் தெரியாமல். "சார், அவர் ஒண்ணும் பண்ணலையே. தண்ணிக்கு வர்றார், போறார்..."

"அவரா?" ஆபீசர் பெரியண்ணனைப் பார்த்தார். பெரியண்ணன் தரையைப் பார்த்தார். "பேரு வெச்சா உறவாயிடுமா கண்டக்டர்? போன மாசம் கீழ்ப்பாலத்துல நம்ம பசங்க செத்துப் போனாங்களே, அதுக்கு யாராவது பதில் சொல்லணும். மேல இருந்து கேக்கிறாங்க. காட்டுறதுக்கு எனக்கு வேற ஆள் இல்ல."

ஜீப் போனதும் கண்டக்டர் பெரியண்ணன் பின்னாலேயே போனார். "அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? தண்ணி நேரம் கெட்டுப்போகும்னாவது சொல்லுங்கண்ணே."

"சொன்னேன்டா, ஜீப்ல ஏறும்போது சொன்னேன். தண்ணி லாரியில வரும்னுட்டார். என் கையில என்ன இருக்கு? நீதானே ஊரு பூரா தண்டோரா போட்டே?" என்று எரிந்து விழுந்தார் பெரியண்ணன். பிறகு குரல் இறங்கி, "மழை கிழை வந்தா வரமாட்டாருல்ல?" என்றார். அவர் வாயிலும் 'அவர்'தான் வந்தது.

மறுநாள் வந்தவருக்கு விருந்தாளி என்று பெயர் வைத்தார் சமையல்காரர். பழக்கதோஷம், வைத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். வந்தவர் கோபித்துக்கொள்ளவில்லை. மெலிந்த, அடக்கமான மனிதர். ஊரில் தபால்காரராம். ஜன்னல் பக்கம் ஒரு போர்வையை மடித்துப் போட்டு, தன் நீளத் துப்பாக்கியை மணல்மூட்டை மேல் குழந்தையைக் கிடத்துகிற மாதிரி கிடத்தி, "சக்கரை கம்மியா ஒரு டீ கிடைக்குமா?" என்று கேட்டார். கண்டக்டருக்கு அவரை வெறுக்க வேண்டும் போல இருந்தது. அதுகூட முடியவில்லை.

"அண்ணே, இப்பல்லாம் மாப்பிள்ளை சரியா வர்றதில்ல. உடம்புக்கு முடியலபோல" என்று பொய் சொல்லிப் பார்த்தார்.

"நேத்து வந்தாரே? நானும்தான் தலைமையகத்துல போன்ல கேட்டேன். மீசைய ஒதுக்கினார்னு சொன்னீங்க." விருந்தாளி டீயை ஊதிக் குடித்தார். "எங்க தொழில்ல பேரும் அட்ரஸும் சரியா இருந்தாப் போதும். ரெண்டும் நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க. இப்படி யாரும் குடுத்ததில்ல."

வேறு யாரையாவது காட்டிவிடலாமா என்று ஒரு கணம் கண்டக்டருக்குத் தோன்றியது. யாரை? நாத்தனாரையா? தரகரையா? எல்லாரும் அவர் பஸ்ஸில் ஏறியவர்கள். எவரை இறக்கிவிடுவது? தோன்றியதற்கே அவருக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது. போதாக்குறைக்கு, சுவரில் கண்ணாடி வைத்துச் சவரம் செய்கிறவர் யார் என்று இப்போது இந்த லைன் முழுவதற்கும் தெரியும்.

விருந்தாளி காத்திருந்த முதல் நாள் காலை தூறல். மாப்பிள்ளை வரவில்லை. பதுங்குகுழியிலிருந்து வந்த போன்களுக்கு, "இன்னைக்கு பஸ் இல்ல" என்று சந்தோஷமாகச் சொல்லி வைத்தார் கண்டக்டர். கீழே சமையல்காரர் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். நாளைக்கும் பெய்தால் விருந்தாளி கிளம்பிவிடுவார் என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் வானம் யார் சொல்லையாவது கேட்டிருக்கிறதா? மறுநாள் பளிச்சென்று விடிந்தது.

விருந்தாளி முகம் கழுவக் கீழே போன நேரம். சூளைச் சுவரில் கண்ணாடி வந்து உட்கார்ந்துவிட்டது. மாப்பிள்ளை சுவருக்கு அந்தப் பக்கம், தோள்வரை மறைந்து, நுரை குழைத்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். கத்தலாம், தன் பாஷை அங்கே பாதிதான் புரியும், கீழே இருப்பவருக்கு முழுசாகப் புரியும். ஒரு குண்டை வானத்தில் சுடலாம்; அடுத்த நிமிஷம் தன்னையே சுவரோரம் நிறுத்திவிடுவார்கள். அப்போதுதான் ஆணியில் தொங்கிய தன் சவரக் கண்ணாடி கண்ணில் பட்டது.

எதிரியின் ஜன்னலில் கண்ணாடி மின்னினால் எந்தச் சிப்பாயும் என்ன செய்வான்? எவனோ குறி வைக்கிறான் என்று சட்டென்று குனிவான். உள்ளே ஓடுவான். அப்புறம் பல நாளைக்கு அந்தச் சுவர்ப்பக்கம் தலை காட்டமாட்டான். இது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். கண்டக்டர் கண்ணாடியைக் கழற்றி, வெயிலைப் பிடித்து, எதிர்க்கரைச் சுவர்மேல் அடித்தார். வெளிச்சம் செங்கல்மேல் தடுமாறி, நகர்ந்து, நேராக மாப்பிள்ளையின் கண்ணில் விழுந்தது.

"போயிடு சாமி, உள்ள போயிடு" என்று வாய்விட்டுக் கெஞ்சினார்.

மாப்பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். குனியவில்லை. ஓடவில்லை. நுரை பூசிய முகத்தோடு வாயைப் பிளந்து சிரித்தார். இத்தனை நாளாகத் தான் அடித்த வெளிச்சத்துக்கு ஒருவழியாகப் பதில் வந்துவிட்டதல்லவா! உள்ளே திரும்பி ஏதோ கூப்பிட்டார். நாத்தனாரும் தரகரும் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை தன் கண்ணாடியை எடுத்துக்கொண்டார். சுவருக்குப் பின்னால் வெயில் வாகாகக் கிடைக்கவில்லை போலிருக்கிறது. சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். முழு ஆளாக, வெட்டவெளியில், இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடித்துத் திருப்பினார். தட்டு அளவு வெளிச்சம் ஆற்றைத் தாண்டி ஓடிவந்து கண்டக்டரின் மார்பில் நின்றது.

கண்டக்டர் கையை வீசினார். போ, போ என்று பைத்தியம் பிடித்தவர் போல வீசினார். அந்தத் தூரத்துக்கு அது எப்படித் தெரிந்திருக்குமோ, மாப்பிள்ளையும் பதிலுக்கு ஒரு கையைத் தூக்கி ஆட்டினார்.

பின்னாலிருந்து விருந்தாளி படியேறி வந்ததோ, போர்வையில் படுத்ததோ கண்டக்டருக்குத் தெரியாது. காதுக்குப் பக்கத்தில் அறைந்த மாதிரி ஒரு சத்தம். மார்பிலிருந்த வெளிச்சம் கீழே வழுக்கி, சுவரில் ஒரு கோடு போட்டு, அணைந்துவிட்டது.

விருந்தாளி துப்பாக்கியைத் துடைத்தார். "நல்ல வேலை பண்ணீங்க கண்டக்டர். தண்ணி எடுக்கிற நேரத்துல ஆள் அசைஞ்சுக்கிட்டே இருப்பார், சுவருக்கு வெளிய எப்படி நிறுத்துறதுன்னு நான் மண்டைய உடைச்சிக்கிட்டு இருந்தேன். கண்ணாடி காட்டி இழுத்துட்டீங்களே!" அவர் கேலி செய்யவில்லை. மனசாரத்தான் சொன்னார்.

கண்டக்டர் வாயைத் திறந்தார். நான் இழுக்கவில்லை, விரட்டினேன் என்று ஊரைக் கூட்டிக் கத்த வேண்டும். அதற்குள் சத்தம் கேட்டு ஓடிவந்த பெரியண்ணனின் கை அவர் தோளை எலும்பு நோகப் பிடித்தது.

"ஆமா. அவன் யோசனைதான்" என்றார் பெரியண்ணன் அவசரமாக. "நேத்தே என்கிட்ட சொல்லிட்டிருந்தான்." பிடியைத் தளர்த்தாமல், காதருகே குனிந்து, "வாய மூடுடா. பொண்டாட்டி பிள்ளைய நெனச்சுக்கோ" என்றார்.

கண்டக்டர் வாயை மூடினார். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்த அந்தப் பொய்யைப்போல ஒரு கொடுமையை அவர் பார்த்ததில்லை.

போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தபோது பதுங்குகுழிகள், இணைப்பகம், தலைமையகம் எல்லாம் ஒரே கம்பியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. "என்னண்ணே சத்தம்? மாப்பிள்ளை என்ன பண்றார்?"

"விழுந்துட்டார்" என்றார் கண்டக்டர்.

தலைமையகத்துப் பக்கம் கைதட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். பதுங்குகுழிகளிலிருந்து ஒரே ஒரு குரல், "நம்ம மாப்பிள்ளையா?" என்று கேட்டது. கண்டக்டர் போனைக் கீழே வைத்துவிட்டு, மணல்மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். விருந்தாளி பார்க்காத மாதிரி திரும்பி உட்கார்ந்துகொண்டார். கீழே சமையல்காரர் எல்லாருக்கும் டீ போட்டார், ஒருத்தரும் குடிக்கவில்லை. பெரிய பாத்திரத்தோடு எடுத்துப்போய் வாசலில் கொட்டினார்.

அதன் பிறகு ஆற்றில் பகலில் யாரும் தண்ணீருக்கு இறங்கவில்லை. இறங்கினால் இரண்டு பக்கமும் சுட்டார்கள். லாரியில் வரும் என்ற தண்ணீர் வந்த நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. சீர் மட்டும் தவறாமல் வந்தது. அதைச் சீர் என்று சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. சமையல்காரர் ஒருநாள் மறதியாக 'சம்பந்தி' என்று ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு அடுப்பை ஊதப் போனார்.

ஆபீசருக்கோ தலைகால் புரியவில்லை. கண்ணாடி யோசனை பிரமாதம் என்று எல்லாக் காவலுக்கும் சொல்லி அனுப்பினார். ஒவ்வொரு இடத்திலும் எதிரிகளுக்கு ஆளுக்கு ஆள் பெயர் வைத்து, பழக்கவழக்கங்களைக் கவனித்துப் போனில் சொல்ல வேண்டும் என்று உத்தரவே வந்தது. வேடிக்கைக்குச் செய்தது வேலையாகிவிட்டது. விருந்தாளியை இன்னும் சில நாள் பம்ப் ஹவுஸிலேயே தங்கச் சொன்னார்கள். "அடுத்து யாரு கண்டக்டர்? அந்தத் தொப்பைக்காரனா?" என்று ஆபீசர் போனில் கேட்டுச் சிரித்தார்.

கண்டக்டர் தன்னை மாடியிலிருந்து மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார். கண் சரியாகத் தெரியவில்லை என்றார். தலை சுற்றுகிறது என்றார். நல்ல கண்ணை யார் விடுவார்கள்? உட்கார்ந்தார். பார்ப்பதை மட்டும் யாராலும் தடுக்க முடியவில்லை, அவராலேயே முடியவில்லை. பெயர் வைக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பைனாகுலரைப் பிடித்தார்.

ஒருநாள் காலை சூளைச் சுவருக்குப் பின்னால் ஒரு புது ஆள் வந்தான். வயசு கொஞ்சம். சட்டை தொளதொளவென்று தோளிலிருந்து வழிந்தது. தரையில் எதையோ காலால் கிளறினான். குனிந்து எடுத்தான். உடைந்த கண்ணாடியின் பாதி. அதை ஊதி, சட்டையில் துடைத்து, சுவரின் அதே விளிம்பில் சாய்த்து வைத்து, தன் முகத்தைப் பார்த்தான். மீசை முளைத்தும் முளைக்காத மேலுதட்டை விரலால் தடவிக்கொண்டான். கண்டக்டர் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுத்தார். வேண்டாம் வேண்டாம் என்று அவர் மனசை இழுத்துப் பிடிக்கப் பிடிக்க, பெயர் தானாக வந்து நின்றது: மாப்பிள்ளைத்தோழன்.

அதை நாக்கின் அடியில் போட்டு விழுங்கினார். போன் அடித்தது. "கண்டக்டரண்ணே, யாராவது வந்திருக்காங்களா?"

"யாரும் இல்ல" என்றார் கண்டக்டர்.

பக்கத்தில் போர்வைமேல் படுத்திருந்த விருந்தாளி, துப்பாக்கியின் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், தவறான முகவரியைத் திருத்துகிறவர் போலப் பதமாகச் சொன்னார்.

"இருக்கானே."